ஆஸ்பத்திரி நிர்வாகக் கமிட்டிக்கு: அந்த பெட்டியை திரும்ப மாட்ட விடுங்க

நிர்வாகக் கமிட்டி மெம்பர்கள் எல்லாருக்கும்,

நம்ம மெஷின் ஏதோ ஒண்ணுல வைரஸ் இருக்குன்னு இன்டர்நெட் கம்பெனி மெயில் போட்டதால, போன வாரம் 23 கம்ப்யூட்டரை பார்மட் அடிச்சோம். அதுக்கு முழுசா நாலு நாள் ஆச்சு, லேப் ரிப்போர்ட் எல்லாம் கையால எழுதி குடுத்தாங்க, பில்லிங் கவுண்டர்ல ஜனங்க கத்துனது உங்க ரூம் வரைக்கும் கேட்டிருக்கும். நேத்து காலைல இன்டர்நெட் கம்பெனிகிட்ட இருந்து அதே மெயில் திரும்ப வந்துருக்கு. உங்க ஐபி-ல (இன்டர்நெட் அட்ரஸ்ல) இருந்து ஒரு பாட்நெட் (வைரஸ் புடிச்ச மெஷின்களை கூட்டமா ஆட்டி வைக்கற திருட்டு நெட்வொர்க்) அட்ரஸுக்கு இன்னும் கனெக்‌ஷன் போயிட்டு இருக்கு, சரி பண்ணுங்கன்னு.

அப்போ நாம அழிச்ச 23-ல அது இல்லவே இல்ல, இல்லன்னா இருந்து வேற மெஷின்ல இருந்து திரும்ப ஒட்டிக்கிச்சு. ரெண்டுல எதுன்னு எனக்கு தெரியாது. தெரிஞ்சுக்க நம்மகிட்ட இருந்த ஒரே வழி, நெட்வொர்க்ல போற வர்றதை எல்லாம் பதிவு பண்ற ஒரு பெட்டி. அதை ரெண்டு மாசம் முன்னாடி ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கழட்ட சொன்னீங்க. அந்த பெட்டியோட டிஸ்க் ரெண்டும் இப்போ பார்க்கிங் சிசிடிவில ஓடிட்டு இருக்கு.

நான் அப்பவே ஒரு மெயில் போட்டேன், பதில் வரல. எங்க டிபார்ட்மென்ட் ஹெட்கிட்ட சொன்னேன், கமிட்டில பேசுறேன்னார். அதுக்கப்புறம் இப்படி எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுறத தவிர வேற வழி தெரியல. ஆஸ்பத்திரி பேரு, ஊரு பேரு எதுவும் போடல, போடவும் மாட்டேன். உங்களுக்கு தெரியும் யாருக்கு எழுதுறேன்னு.

முதல்ல அந்த பெட்டி என்னன்னு சொல்றேன், ஏன்னா மினிட்ஸ்ல அதை "பழைய கம்ப்யூட்டர், உபயோகத்தில் இல்லை"ன்னு எழுதிருக்கீங்க. அது பழைய டெஸ்க்டாப் தான், ஒத்துக்கிறேன். அதுல 4 டிபி டிஸ்க் ரெண்டு, கூடுதலா ஒரு நெட்வொர்க் கார்டு. எல்லா மாடி கேபிளும் வந்து சேர்ற நடு ஸ்விட்ச்ல, அதாவது கோர் ஸ்விட்ச்ல, மிரர் போர்ட்னு ஒண்ணு இருக்கு, ஸ்விட்ச் வழியா போற வர ட்ராஃபிக்கை எல்லாம் ஒரு காப்பி எடுத்து அந்த போர்ட்ல கொட்டும். அதை இந்த பெட்டி புடிச்சு டிஸ்க்ல எழுதும், இடம் ரொம்பினா பழசு மேலயே எழுதிக்கிட்டு போகும். பாக்கெட்னா ட்ராஃபிக் பிரிஞ்சு போற சின்ன சின்ன துண்டு, பாக்கெட் கேப்சர்னா அவ்வளவு தான். ஒரு பாக்கெட்டை கூட அது நிறுத்தாது, வேகத்தை குறைக்காது, சும்மா ஓரமா உக்காந்து எழுதிக்கிட்டே இருக்கும்.

கமிட்டில பாதி பேர் டாக்டர்ஸ்ங்கறதால உங்க பாஷையிலயே சொல்றேன். பேஷன்ட் நெஞ்சு படபடக்குதுன்னு வர்றார், இசிஜி எடுத்தா நார்மல். ஏன்னா படபடப்பு வந்தது நேத்து ராத்திரி ரெண்டு மணிக்கு. அதுக்கு தானே இதயத்துடிப்பை விடாம பதிவு பண்ற ஹோல்ட்டர் கருவியை மாட்டி 24 மணி நேரம் அனுப்புறீங்க? நான் மாட்டி வச்சிருந்ததும் ஹோல்ட்டர் தான், நெட்வொர்க்குக்கு.

இப்போ போன வாரம் என்ன ஆச்சுன்னு பாருங்க. நம்ம கிட்ட கிட்டத்தட்ட 340 மெஷின் இருக்கு, ஆனா வெளியில இன்டர்நெட்டுக்கு எல்லாரும் ஒரே ஐபி-ல தான் போறோம். ஃபயர்வால் வாசல்ல நின்னு உள்ள இருக்கறவன் அட்ரஸை அழிச்சிட்டு பொது அட்ரஸை ஒட்டி அனுப்பும். அதனால வெளியில இருக்கறவங்களுக்கு தெரியறது அந்த ஒரு அட்ரஸ் மட்டும் தான். அந்த பாட்நெட் டொமைனை (அதோட இன்டர்நெட் பேரை) யாரோ செக்யூரிட்டி ஆளுங்க கையகப்படுத்தி, யார் யார் வந்து கதவை தட்றாங்கன்னு லிஸ்ட் எடுத்து அந்தந்த இன்டர்நெட் கம்பெனிக்கு அனுப்பறாங்க. மெயில்ல டைம் இருக்கு, நம்ம பக்கத்து போர்ட் நம்பர், அதாவது அந்த பேச்சுக்கு ஃபயர்வால் ஒதுக்கின நம்பர், இருக்கு. உள்ள 340-ல யாருன்னு கண்டுபிடிக்க அந்த நேரத்துல அந்த போர்ட்டை எந்த மெஷினுக்கு ஃபயர்வால் குடுத்ததுன்னு பாக்கணும். மெயில் நம்ம கைக்கு வந்து சேர்ந்தப்போ அஞ்சு நாள் ஆயிருந்துச்சு. ஃபயர்வால் எழுதி வைக்கற பதிவு, லாக்னு சொல்வோம், மூணு நாள் தான் நிக்குது, உள்ள இருக்கற சின்ன மெமரிக்கு மேல இடம் வாங்கி தரல.

பழைய நிலைமையா இருந்திருந்தா? அந்த அட்ரஸை பில்டர்ல போட்டு ஒரு என்டர். உள்ள இருக்கற ஐபி வந்துரும், ஸ்விட்ச்ல தேடினா எந்த மாடி எந்த டேபிள்னு வந்துரும். டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சிருக்கும். அதுக்கு பதிலா என்ன பண்ணோம், புது கான்ட்ராக்ட் கம்பெனி பசங்க ஒவ்வொரு மாடியா போயி "இது ஸ்லோவா இருக்கா சிஸ்டர், இது ஸ்லோவா இருக்கா"ன்னு கேட்டு, ஸ்லோன்னு சொன்னதை எல்லாம் தூக்கிட்டு வந்து அழிச்சோம். ஸ்லோவா இருக்கறது எல்லாம் வைரஸ்னா நம்ம ஆஸ்பத்திரில ஒரு கம்ப்யூட்டர் மிஞ்சாது. அதுல ஒண்ணுல பயோகெமிஸ்ட்ரி மெஷினோட காலிப்ரேஷன் ஃபைல் போச்சு, அதுக்கு அந்த லேப் சிஸ்டர் என்னை திட்டுனது நியாயம் தான்.

இந்த பெட்டி என்ன கிழிச்சதுன்னு மீட்டிங்ல ஒருத்தர் கேட்டாராம். ஆடி மாசம் நடந்ததை அவருக்கு யாரும் சொல்லலன்னு நெனைக்கிறேன், ஏன்னா அப்போ பெருசா எதுவும் நடக்கலைன்னு எல்லாரும் சந்தோஷமா மறந்துட்டோம்.

ஞாயித்துக்கிழமை ராத்திரி 2 மணிக்கு கேஷுவாலிட்டில இருந்து போன், பில்லிங் சாஃப்ட்வேர் இழுக்குதுன்னு. வீட்ல இருந்தே உள்ள நுழைஞ்சு கேப்சர்ல கடைசி பத்து நிமிஷத்தை வயர்ஷார்க்ல (கேப்சரை படிக்கற சாஃப்ட்வேர்) திறந்தேன். லேப்ல ரிப்போர்ட் பிரின்ட் பண்ற ஒரு மெஷின், 445-ஆம் போர்ட்டுக்கு வரிசையா ஒவ்வொரு அட்ரஸா கதவை தட்டிக்கிட்டு போகுது. .1, .2, .3ன்னு, பதில் வருதா இல்லையான்னு கூட நிக்கல. ஒரு பிரின்டிங் மெஷினுக்கு ஊர்ல இருக்கற எல்லா வீட்டு கதவையும் தட்ற வேலை கிடையாது. 445 ஃபைல் ஷேர் பண்ற போர்ட், 2017 மே மாசம் வானாக்ரைங்கற ரான்சம்வேர் (ஃபைலை பூட்டி வச்சு பணம் கேக்கற வைரஸ்) இதே வழியா தான் இங்கிலாந்துல நிறைய ஆஸ்பத்திரிகளை படுக்க வச்சது. நம்ம லேப் மெஷின்ல ஓடறது விண்டோஸ் 7, மைக்ரோசாப்ட் 2020 ஜனவரியோட கைகழுவினது. லேப் டெஸ்ட் மெஷின், அதாவது அனலைசர், விக்கிறவங்க அப்டேட் போட்டா வாரன்டி போயிடும்ங்கறாங்க. சரி அது வேற கதை.

அந்த நேரத்துல ஆன்டிவைரஸ் கன்சோல்ல எல்லாம் பச்சை. ஃபயர்வால்ல ஒரு எச்சரிக்கையும் இல்ல, இருக்கவும் முடியாது, ஏன்னா இந்த ட்ராஃபிக் வாசல் வரைக்கும் வரவே இல்ல, வீட்டுக்குள்ளயே ரூம் ரூமா நடந்துச்சு. வாட்ச்மேன் கேட்ல நிக்கிறார், அவருக்கு எப்படி தெரியும்? ஸ்விட்ச்ல அந்த மெஷின் கேபிள் சொருகியிருந்த போர்ட்டை அடைச்சேன். 2.25க்கு எல்லாம் அமைதி.

ஆனா அதோட முடியல, அதுக்கப்புறம் தான் இந்த பெட்டியோட அருமையே தெரிஞ்சது. அந்த மெஷினோட ஐபி-யை வச்சு பின்னாடி பின்னாடி போனேன். 11 நாளா நிமிஷத்துக்கு ஒரு தடவை வெளியில ஒரே அட்ரஸுக்கு சின்னதா ஒரு கனெக்‌ஷன், அனுப்பறது எப்பவும் கிட்டத்தட்ட அதே அளவு, ராத்திரி பகல் பொங்கல் தீபாவளி கிடையாது. மனுஷன் அப்படி பிரவுஸ் பண்ண மாட்டான். எஜமான்கிட்ட "நான் இருக்கேன், ஏதாவது வேலை இருக்கா"ன்னு கேக்கற மால்வேர் தான் அப்படி பண்ணும். அந்த 11 நாள் ஆரம்பிக்கறதுக்கு முந்தின ராத்திரிய பாத்தா, வெளியில இருந்து ரிமோட் டெஸ்க்டாப் (தூரத்துல இருந்தே கம்ப்யூட்டரை இயக்கற வசதி) போர்ட்டுக்கு ஆயிரக்கணக்குல குட்டி குட்டி கனெக்‌ஷன், வந்த வேகத்துல அறுந்து போனது, அப்புறம் திடீர்னு ஒண்ணு மட்டும் 41 நிமிஷம் நின்னுருக்கு. பாஸ்வேர்டு கிடைச்சிருச்சு அவனுக்கு. அந்த போர்ட்டை திறந்து விட்டது யாரு? அனலைசர் சர்வீஸ் இன்ஜினியர் வீட்ல இருந்து பாக்கணும்னு கேட்டதால நாம தான், ஒன்றரை வருஷம் முன்னாடி, "ரெண்டு நாளைக்கு மட்டும்"னு. திறந்த கை என்னோடது தான், அதையும் மறைக்கல.

அடுத்து உங்க சேர்மன் சார் அன்னைக்கு காலைல என்னை கேட்ட ஒரே கேள்வி: பேஷன்ட் டேட்டா போச்சா? இதுக்கு எந்த ஃபயர்வால் லாக்கும் பதில் சொல்லாது சார். கேப்சர் சொல்லுச்சு. உள்ள ஃபைல் சர்வர்ல இருந்து அந்த மெஷின் எடுத்த ஃபைல் ஒவ்வொண்ணும் பேரோட இருந்துச்சு, உள் ட்ராஃபிக் என்கிரிப்ட் ஆகாம போறதால ஃபைலையே திரும்ப எடுத்து திறந்து பாக்க முடிஞ்சது. ரெண்டு ஃபோல்டர், மருந்து கொள்முதல் ரேட் லிஸ்ட், பழைய டியூட்டி சார்ட். 11 நாளும் சேத்து வெளியில போனது மொத்தம் 38 எம்பி. பொதுவா ஒரு சிடி ஸ்கேனே அதை விட பெருசா இருக்கும். பேஷன்ட் ஃபோல்டரை அந்த மெஷின் தொடவே இல்லன்னு என்னால எழுத்துல குடுக்க முடிஞ்சது, நீங்களும் நிம்மதியா காப்பி குடிச்சீங்க. அந்த நிம்மதிக்கு மொத்த செலவு டிஸ்க்குக்கு ஆன சுமார் 20,000 ரூபா.

இன்னைக்கு யாராவது அதே கேள்விய கேட்டா என்கிட்ட பதில் இல்ல. போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம்.

நீங்க சொன்ன காரணங்களுக்கு வர்றேன். லாக் இருக்கே, கேப்சர் எதுக்குன்னு ஒண்ணு. லாக்குங்கறது ஓபி ரிஜிஸ்டர் மாதிரி, பேரு, நேரம், எந்த டிபார்ட்மென்ட். கேப்சர் கேஸ் ஷீட். அதுவும் போக லாக்கை எழுதறது அந்தந்த மெஷின், உள்ள நுழைஞ்சவன் அந்த மெஷினுக்கே முதலாளி ஆனப்புறம் லாக்கை அழிக்க எவ்வளவு நேரம் ஆகும். 1986-ல அமெரிக்காவுல பெர்க்லி லேப்ல க்ளிஃப் ஸ்டோல்னு ஒருத்தர், கணக்குல வெறும் 75 சென்ட் உதைக்குதேன்னு தோண்டப் போயி ஒரு ஹேக்கரை புடிச்சார். அவர் கம்ப்யூட்டர் லாக்கை மட்டும் நம்பிக்கிட்டு உக்காரல, உள்ள வர்ற லைன்கள்ல பிரின்டரை மாட்டி விட்டார், அவன் அடிச்ச ஒவ்வொரு எழுத்தும் பேப்பர்ல. கம்ப்யூட்டர்ல எதை வேணா மாத்தலாம், பேப்பரை அவன் எப்படி அழிப்பான்? கடைசில ஜெர்மனில ஹானோவர் வரைக்கும் போச்சு தடயம். ரெண்டு வருஷத்துல அதே லேப்ல தான் டிசிபி டம்ப்னு பாக்கெட் புடிக்கற சாஃப்ட்வேரை எழுதினாங்க, அதை தான் நான் இன்னைக்கும் ஓட்டுறேன், இலவசம். வயர்ஷார்க் இலவசம், கனெக்‌ஷனை எல்லாம் சுருக்கி எழுதற ஜீக் இலவசம். நீங்க புது கம்பெனிக்கு வருஷா வருஷம் கட்டப்போற தொகையை நான் இங்க எழுதல, மரியாதைக்காக.

இப்ப எல்லாமே என்கிரிப்ட் ஆகி போகுது, கேப்சர்ல ஒண்ணும் தெரியாதுன்னு அந்த கம்பெனிக்காரர் ஸ்லைடு போட்டு காமிச்சாராம். பாதி உண்மை. உள்ள என்ன எழுதிருக்குன்னு தெரியாது, ஆனா ஒட்டின கவர்ல கூட யாருக்கு, எப்போ, என்ன எடை, எத்தனை தடவைன்னு தெரியுமே. மேல சொன்ன நிமிஷத்துக்கு ஒண்ணு கனெக்‌ஷனும் என்கிரிப்ட் ஆனது தான், நான் உள்ள ஒரு எழுத்து கூட படிக்கல. பெரும்பாலான கனெக்‌ஷன்ல முதல் பாக்கெட்லயே எந்த சைட்டுக்கு போறோம்ங்கற பேரு வெளிப்படையா போகுது, இந்த பேருக்கு அட்ரஸ் என்னன்னு கேக்கற டிஎன்எஸ் கேள்வி நம்ம சர்வர் வழியா தான் போகுது. இதெல்லாம் நாளைக்கு கொறையும், அதுக்கான வேலையும் உலகத்துல நடந்துட்டு தான் இருக்கு, ஆனா நாளைக்கு மழை நின்னுடும்னு இன்னைக்கு குடையை வித்துட முடியாது.

இடம் போதாதுன்னு ஒரு பாயின்ட். இது நியாயமான கேள்வி, கணக்கு காட்டுறேன். சராசரியா செகண்டுக்கு 80 மெகாபிட் ஓடுனா ஒரு நாளைக்கு 864 ஜிபி, நம்ம 8 டிபி ஒன்பது நாள்ல ரொம்பிடும். ஆனா அதுல பெரும்பாதி ஸ்கேன் படங்கள் சர்வருக்கு போறது, அது எங்க இருந்து எங்க போகுதுன்னு தெரிஞ்சா போதும், படத்தை நான் சேமிக்க தேவையில்ல. அதை பில்டர்ல தள்ளினப்புறம் மிஞ்சினது செகண்டுக்கு 15 மெகாபிட், ஒரு நாளைக்கு 162 ஜிபி, 8 டிபி-ல 49 நாள் நிக்கும். அதனால தான் ஆடி மாசம் 11 நாள் பின்னாடி போக முடிஞ்சது.

அப்புறம் பிரைவசி. டாக்டர்ஸ் குவார்ட்டர்ஸ்ல இருந்து புகார் வந்துச்சு, "அவன் நம்ம வாட்ஸ்அப்பை படிக்கிறான்"னு. வாட்ஸ்அப் மெசேஜை என்னால படிக்க முடியாது, யாராலயும் வயர்ல உக்காந்து படிக்க முடியாது. ஆனா புகாரை முழுசா தள்ளவும் மாட்டேன், இந்த ஒரு விஷயத்துல அவங்க பக்கம் நியாயம் இருக்கு, தப்பு என் பேர்ல. அந்த பெட்டிக்கு ஒரே பாஸ்வேர்டு, அது என்கிட்ட மட்டும். யார் எப்போ எதை பாத்தாங்கன்னு எந்த பதிவும் இல்ல. குவார்ட்டர்ஸ் வைஃபையும் அதுல சேந்து வந்துச்சு, வந்திருக்கவே கூடாது, யார் எந்த சைட்டுக்கு போறாங்கன்னு நான் பாக்க நெனைச்சா பாத்திருக்கலாம். நான் பாக்கல, ஆனா நம்புங்கன்னு சொல்றது ஒரு பாதுகாப்பு ஏற்பாடு ஆகாது. அதை விட பெரிய ஆபத்து ஒண்ணு இருக்கு, அதை புகார் குடுத்தவங்க கூட சொல்லல: லேப் மெஷின்ல இருந்து வர்ற ரிசல்ட் எல்லாம் வெறும் எழுத்தா வயர்ல போகுது, பேஷன்ட் பேரோட. அப்போ 49 நாள் கேப்சர் இருக்கற டிஸ்க்கே ஒரு புதையல், எவனாவது அதை தூக்கிட்டு போனா முடிஞ்சது கதை. டிஜிட்டல் தனிநபர் தரவு பாதுகாப்பு சட்டம் 2023-லயே வந்தாச்சு. அந்த ரெண்டு டிஸ்க்கையும் சிசிடிவிக்கு குடுக்கறதுக்கு முன்னாடி முழுசா அழிச்சாங்களான்னு கேட்டேன், இது வரைக்கும் யாரும் பதில் சொல்லல. பிரைவசிய காரணம் காட்டி கழட்டின டிஸ்க்குங்க அது.

நமக்கெல்லாம் யாரு குறி வைக்கப் போறான்னு தயவுசெஞ்சு சொல்லாதீங்க. 2022 நவம்பர் 23 டெல்லி எய்ம்ஸ்ல ரான்சம்வேர், அஞ்சு சர்வர், சுமார் 1.3 டிபி டேட்டா என்கிரிப்ட் ஆச்சு, ஓபி சீட்டெல்லாம் கையால எழுதினாங்க. நெட்வொர்க்கை சரியா பிரிச்சு வைக்காதது காரணம்னு பார்லிமென்ட்ல அரசே சொல்லுச்சு. நம்ம நெட்வொர்க் எப்படி பிரிஞ்சிருக்குன்னு உங்களுக்கே தெரியும், கேன்டீன் பில்லிங் மெஷின்ல இருந்து ஐசியூ மானிட்டர் சர்வரை பிங் பண்ணலாம், அதாவது நேரா போயி கூப்பிட்டு பதில் வாங்கலாம்.

பெட்டியை வாங்கி வச்சா மட்டும் போதுமான்னா அதுவும் இல்ல. 2017-ல ஈக்விஃபேக்ஸ்னு அமெரிக்க கிரெடிட் கம்பெனி, 14 கோடிக்கு மேல ஜனங்களோட விவரம் திருட்டு போச்சு. அவங்ககிட்ட ட்ராஃபிக்கை பிரிச்சு பாக்கற கருவி நல்லாவே இருந்துச்சு, என்கிரிப்ட் ஆன ட்ராஃபிக்கை திறந்து பாக்க அதுக்கு தேவையான ஒரு டிஜிட்டல் சர்டிபிகேட் எக்ஸ்பைர் ஆகி மாசக்கணக்கா யாரும் கவனிக்கல, கருவி கண்ணை மூடிட்டு எல்லாத்தையும் விட்டுட்டு இருந்துச்சு. திருடன் உள்ள இருந்தது 76 நாள். ஜூலை 29 சர்டிபிகேட்டை புதுப்பிச்சாங்க, அன்னைக்கே சந்தேகமான ட்ராஃபிக் கண்ணுல பட்டுச்சு. அதே நாள்! தினமும் யாராவது பாக்கணும், அதுக்கு ஆளுக்கு நேரம் குடுக்கணும். என் பெட்டிலயும் குறை இல்லாம இல்ல, ஒரே ஸ்விட்ச்ல பக்கத்து பக்கத்துல இருக்கற ரெண்டு மெஷின் பேசிக்கிட்டா அது கோர் வரைக்கும் வராது, எனக்கு தெரியாது. ஆடி மாசம் 11 நாள் ஒருத்தன் உள்ள இருந்ததை கூட பெட்டி எழுதி தான் வச்சிருந்துச்சு, நான் தான் பாக்கல, ஏன்னா பிரின்டர் ரிப்பேர்ல இருந்து லிஃப்ட் கேமரா வரைக்கும் நான் ஒருத்தன் தான்.

சட்டத்தையும் ஒரு வரி சொல்லிடறேன். மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பு செர்ட்-இன், அதோட 2022 ஏப்ரல் 28 உத்தரவுப்படி இந்த மாதிரி சம்பவம் தெரிஞ்ச 6 மணி நேரத்துக்குள்ள ரிப்போர்ட் பண்ணணும், லாக் 180 நாள் இந்தியாவுக்குள்ள வச்சிருக்கணும். நம்மகிட்ட இருக்கறது மூணு நாள். போன வார சம்பவத்தை இன்னும் ரிப்போர்ட் பண்ணல, பண்ணணும்னு நான் எழுதின மெயிலும் அப்படியே இருக்கு.

நான் கேக்கறது இது தான்.

இன்னைக்கே கோர் ஸ்விட்ச்ல மிரர் போர்ட்டை திறந்து விடச் சொல்லுங்க. ஸ்விட்ச் பாஸ்வேர்டு இப்போ கான்ட்ராக்ட் கம்பெனிகிட்ட இருக்கு, கமிட்டி லெட்டர் இல்லாம குடுக்க மாட்டேங்கறாங்க. டிஸ்க் கூட அப்புறம் பாத்துக்கலாம், என் லேப்டாப்பை வச்சே அந்த ஒரு அட்ரஸை மட்டும் புடிக்கிறேன், அது அடுத்த தடவை கதவை தட்டும்போது எந்த மெஷின்னு தெரிஞ்சிரும். அது தெரியற வரைக்கும் இன்னொரு கம்ப்யூட்டரை கூட பார்மட் அடிக்க வேண்டாம்.

நேத்து வந்த மெயிலையும் போன வாரத்ததையும் சேத்து செர்ட்-இன்னுக்கு உடனே ரிப்போர்ட் பண்ணுங்க, லேட் ஆனதுக்கு நானே கையெழுத்து போட்டு விளக்கம் எழுதி தர்றேன். ஃபயர்வால் லாக்கை 180 நாள் வைக்க ஒரு சின்ன லாக் சர்வருக்கு சேங்ஷன் குடுங்க.

பெட்டியை நிரந்தரமா திரும்ப வைங்க, ஆனா பழைய மாதிரி வேண்டாம். டிஸ்க் என்கிரிப்ட் ஆகணும், பூட்டின ரேக்ல இருக்கணும், குவார்ட்டர்ஸ் வைஃபையும் பேஷன்ட் வைஃபையும் அதுல வரவே கூடாது, இன்டர்நெட் பக்கம் போறதுல யாருக்கு, எப்போன்னு சொல்ற தலைப்பகுதி மட்டும் வெட்டி சேமிச்சா போதும். பாஸ்வேர்டு ரெண்டு பேர்கிட்ட பாதி பாதியா, ஒருத்தர் ஐடி, ஒருத்தர் டாக்டர்ஸ் சைடுல இருந்து, யார் எப்போ திறந்தாங்கன்னு பதிவு, அது மாசா மாசம் உங்க மேஜைக்கு வரணும். புகார் குடுத்த டாக்டரையே அந்த ரெண்டாவது ஆளா போடுங்க, எனக்கு சம்மதம்.

சிசிடிவிக்கு போன ரெண்டு டிஸ்க்கும் அழிக்கப்பட்டதா இல்லையான்னு எழுத்துல பதில் வேணும், அழிக்கலைன்னா இன்னைக்கே கழட்டணும். ரிமோட் டெஸ்க்டாப் வெளியில இருந்து எந்த வெண்டருக்கும் நேரடியா திறக்கறதில்லைன்னு ஒரு சர்க்குலர் போடுங்க, எத்தனை பெரிய மெஷின் விக்கிறவரா இருந்தாலும் சரி.

கடைசியா, 14-ஆம் தேதி கமிட்டி மீட்டிங்ல எனக்கு பத்து நிமிஷம் குடுங்க. ஸ்லைடு எதுவும் கொண்டு வர மாட்டேன். ஆடி மாசத்து கேப்சர்ல அந்த பத்து நிமிஷத்தை மட்டும் தனியா எடுத்து வச்சிருக்கேன், பேஷன்ட் விவரம் எதுவும் அதுல இல்ல, அதை உங்க முன்னாடி ஓட விடறேன்.

இப்படிக்கு,
சர்வர் ரூம்ல இருந்து
உங்க நெட்வொர்க் அட்மின்